பால் ஊற்றிப் பார்த்த கிட்டார்

ஒரு பொருளின் குணம் அது தனியே இருக்கும்போது தெரிவதா, மற்றவற்றோடு கலந்திருக்கும்போது தெரிவதா? இதைப் பற்றித் தடித்த புத்தகங்கள் இருக்கின்றன. படித்து முடித்தால் கேள்வி இன்னும் கொஞ்சம் பெரிதாகியிருக்கும், அவ்வளவுதான். நீலகிரி மலையில் அரவேணுவில் வசிக்கும் ரேகா அந்தப் புத்தகங்களில் ஒன்றையும் திறந்தவள் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி அவளைச் சின்ன வயதிலிருந்தே விடாமல் பின்தொடர்ந்தது.

தனியாக இருந்தால் ரேகாவுக்குக் கணீரென்ற குரல். அடுப்படியில் நின்று பேசினால் ரோட்டில் போகிறவருக்குக் கேட்கும். நாலு பேர் கூடிய இடத்திலோ அந்தக் குரல் எங்கே போகிறதென்றே தெரியாது. பஸ்ஸில் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். கண்டக்டர் காதில் விழாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் தேயிலைச் சரிவு வழியே திரும்பி நடப்பாள். அதைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அந்தக் குறுக்கு வழியில் காட்டெருமைகள் மேயும் இடமெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. பின்னாளில் அவளுடைய இசைக்குழுவின் முதல் பாட்டே ஒரு காட்டெருமையைப் பற்றியதுதான்.

கோயம்புத்தூரில் டிப்ளமோ படித்தபோது விடுதித் தோழி ஒருத்தியின் ஹெட்போனில் மெட்டல் இசையை முதன்முதலாகக் கேட்டாள். "எனக்கு என்னமோ இதுல யாரும் யாரையும் கேக்க விடாம கத்துறாங்கன்னு தோணல. எல்லாரும் ஒரே லாரியத் தள்ற மாதிரி இருந்துச்சு" என்று அதைப் பற்றிப் பிறகு சொன்னாள். படிப்பு முடிந்து மலைக்குத் திரும்பும்போது ஒரு பழைய மின்கிட்டாரும் கூட வந்தது. அவளை மேதை என்று சொன்னால் அது மிகை. விரல் வேகம் சுமார்தான். ஆனால் வாசித்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் அவளுக்குச் சலிப்பே வராது. அது குறைவான பேருக்கு வாய்க்கிற குணம்.

கட்டபெட்டுப் பக்கம், சிறு விவசாயிகளிடம் கொழுந்து வாங்கித் தூளாக்கும் ஒரு ஃபேக்டரியில் அவளுக்கு வேலை. தேயிலையை ருசி பார்க்கும் அறையில் தினமும் காலையில் கோப்பைகளை வரிசையாக அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே எடை தூள், ஒரே கொதிநீர், ஒரே நேரம். தர மேலாளர் மெட்டில்டா வந்து ஒவ்வொரு கோப்பையிலும் கரண்டியை விட்டு, அறையே அதிரும்படி ஒரு உறிஞ்சு உறிஞ்சி, துப்பி, நகர்வார். ரேகாவும் பின்னாலேயே உறிஞ்சித் துப்புவாள். அந்தப் பழக்கம் வெளியிலும் ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் ரசம் குடித்தால் பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

குழுவில் மொத்தம் மூன்று பேர். கேத்தியில் கேரட் கழுவும் ஷெட் வைத்திருக்கும் சிவகுரு டிரம்ஸ். அரவேணு பேக்கரியில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று மொறுமொறு வர்க்கி பிஸ்கட் நிறுத்துக் கொடுக்கும் கமலேஷ் பாஸ் கிட்டாரும் பாட்டும். பாட்டு என்றால் அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். கடையில் "சொல்லுங்ணா, கால் கிலோங்களா, அரைக் கிலோங்களா" என்று கேட்கும் அதே வாய் அப்படி உறுமும் என்பதை அவனுடைய வாடிக்கையாளர்கள் இன்றும் நம்புவதில்லை. ஒரு முறை மூவரும் வேனில் மலை ஏறும்போது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் கிளட்ச் போய் உட்கார்ந்துவிட்டார்கள். குழுவின் பெயரை அங்கேயே வைத்தார்கள்: ஒன்பதாவது வளைவு.

சென்ற ஆண்டு மே மாதம், குன்னூரில் ஒரு இசை மன்றம் திறந்த மைதானத்தில் நடத்திய கோடை விழாவில் அவர்களுக்கு அரை மணி நேரம் கிடைத்தது. ரேகாவின் அப்பா எல்லப்பன் முன்வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். கொழுந்து வண்டி ஓட்டுபவர். சிறு பையனாக இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். மெட்டல் இசையைப் பற்றி அவருடைய கருத்து சுருக்கமானது: "அரைக்கிற மெஷின்ல கல்லு மாட்டிக்கிட்டா இப்படித்தான் இருக்கும்." ஆனாலும் மகள் வாசிக்கிறாள் என்று சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார்.

அன்று டிரம்ஸ் கேட்டது. பாஸ் கேட்டது. கமலேஷின் உறுமல் மைதானத்துக்கு வெளியே கட்டியிருந்த குதிரையைக்கூட மிரள வைத்தது. கிட்டார் மட்டும் கேட்கவில்லை. வீடு திரும்பும் வழியில் ரேகா கேட்டாள்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு புள்ள. கை நல்லா ஓடுது."

"சத்தம்?"

எல்லப்பன் வளைவில் கியரை மாற்றினார். "மத்த ரெண்டு பேரும் நல்லாப் போட்டாங்க." பிறகு மெதுவாக, "ஒயரெல்லாம் மாட்டித்தானே இருந்துச்சு?"

ரேகா சிரித்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி உள்ளே போய்த் தங்கிவிட்டது.

இந்த ஆண்டும் அழைப்பு வந்தது. செய்தியைச் சொன்னதும் எல்லப்பன், "வாறேன். கேக்கும்னா சொல்லு, முன்னால குந்துறேன். இல்லாட்டி பின்னால டீக்கடையாண்ட நிக்கிறேன், எனக்குக் கழுத்து வலி" என்றார். அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனாலேயே அது இன்னும் ஆழமாகத் தைத்தது. கைதட்டல், பரிசு எதுவும் ரேகாவின் எண்ணத்தில் இல்லை. அப்பா முன்வரிசையில் உட்கார வேண்டும், அவள் கிட்டாரை அவர் கேட்க வேண்டும். அந்த மே மாதத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

குறை எங்கே இருக்கிறது என்று தேடினாள். மின்கிட்டாரின் தந்திகளுக்கு அடியில், மரத்தில் வெட்டிய குழிக்குள், ஒரு சின்னக் கட்டை உட்கார்ந்திருக்கும். அதுதான் பிக்கப். உள்ளே காந்தம், காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. தந்தி அதிர்வதை அது மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். கிட்டாரின் காது அது என்று சொல்லலாம். இன்றைய மெட்டல் அந்தக் காதை ரொம்பவும் சோதிக்கும். தந்திகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கி, உள்ளங்கை ஓரத்தால் அமுக்கிக்கொண்டு, கடகடவென்று வெட்டி வெட்டி வாசிப்பார்கள். கரகரப்பை முழுதாக ஏற்றியிருப்பார்கள். அப்போதும் ஒவ்வொரு வெட்டும் தனித்தனியே விழ வேண்டும். நிறுத்தினால் சட்டென்று நிசப்தம் வேண்டும். ரேகாவின் பழைய பிக்கப்பில் அந்த வெட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கேப்பைக் கூழ் மாதிரி வழிந்தன.

கோயம்புத்தூரில் கிட்டார் பழுது பார்க்கும் காத்தமுத்துவிடம் போனாள். அவர் மூன்று பிக்கப்புகளை எடுத்து வைத்தார். "எது நல்லதுன்னு என்னையக் கேக்காதீங்க. கடையில நா மூணையும் நல்லதுன்னுதான் சொல்லுவேன். மூணையும் கொண்டு போங்க, மாட்டிப் பாருங்க, வேண்டாததக் கொண்டாந்து குடுங்க" என்றார். வியாபாரிகளில் இப்படிப் பேசுகிறவர்கள் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை கேத்தியில் கூடினார்கள். அதிகாலையில் வந்த கேரட் மூட்டைகளைக் கழுவி லாரி ஏற்றிவிட்டால் மத்தியானம் ஷெட் காலி. இரும்பு உருளை நின்றிருக்கும், தரை ஈரமாக இருக்கும், எங்கும் மண்வாசனையும் கேரட் வாசனையும். அந்த ஈரத்தில் மரப்பலகைகளைப் போட்டு அதன்மேல்தான் ஆம்ப்ளிஃபயர்.

ரேகா ஃபேக்டரியிலிருந்து மூன்று பழைய கோப்பைகளைக் கொண்டுவந்திருந்தாள்.

"டீ எங்கம்மிணி?" என்றான் சிவகுரு.

"டீ இல்லீங்கண்ணா. ருசி பாக்கப் போறோம்."

அவள் திட்டம் இதுதான். ஒரே கிட்டார், ஒரே ஆம்ப்ளிஃபயர், ஒரே இடத்தில் மைக், ஒரே மெட்டு. மூன்று பிக்கப்பையும் மாற்றி மாற்றி மாட்டி வாசித்து, முந்தின நாளே பதிவு செய்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஈயம் பற்றவைக்காமல் மாற்றுவதற்காக, சொருகிப் பிடுங்கும் இணைப்பு ஒன்றும் செய்திருந்தாள். சத்தம் கூடுதலாக இருப்பது எப்போதும் நல்லதாகவே காதில் விழும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தூளை நிறுப்பதுபோல மூன்று பதிவின் சத்தத்தையும் சமப்படுத்தியிருந்தாள். எது எதென்று யாருக்கும் சொல்லவில்லை. பதிவுக்கு ஒன்றாக மூன்று கோப்பைகளையும் கவிழ்த்து வைத்து, பிடித்த கோப்பை முன்னால் ஆளுக்கொரு கேரட் வைக்க வேண்டும் என்றாள்.

"தேர்தல் மாதிரியே இருக்குதுங்க்கா. டெபாசிட் போச்சுன்னா என்ன பண்றதுங்க?" என்றான் கமலேஷ்.

"கேரட்டத் தின்னுட்டுப் போ."

முதல் பதிவு ஓடியது. பேட்டரியில் வேலை செய்யும் பிக்கப் அது. சுத்தம், இரைச்சலே இல்லை. சிவகுரு தலையாட்டினான், ஆனால் முடிந்ததும் என்ன கேட்டோம் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது ஓடியது. செராமிக் காந்தம் வைத்தது. அடியில் பாறை உருளும் கனம், மேலே கண்ணாடிச் சில்லு மாதிரி மினுமினுப்பு. கமலேஷ் எழுந்தே நின்றுவிட்டான்.

"இதுதானுங்க்கா! இதுக்கு மேல என்னங்க வேணும்? எனக்கு முதுகெல்லாம் சிலிர்த்துப் போச்சு."

மூன்றாவது ஓடியது. அலுமினியமும் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த பழைய வகைக் காந்தம். அடியும் குறைவு, மேலும் குறைவு. நடுவில் மட்டும் ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. சிவகுரு முகத்தைச் சுளித்தான்.

"என்னம்மிணி இது, சளி புடிச்சவன் ஃபோன்ல பேசற மாதிரி?"

மூன்று கேரட்டும் இரண்டாவது கோப்பைக்கு முன்னால் விழுந்தன. ரேகாவுடையதும்தான். அன்றே அதை மாட்டினாள். தனியாக ஒரு தரம் வாசித்தாள். ஷெட்டின் தகரக்கூரை ரீங்கரித்தது. கழுவாத கேரட் குவியலே கொஞ்சம் சரிந்தது என்று கமலேஷ் சத்தியம் செய்தான். மூவரும் குழந்தைகள் மாதிரி குதித்தார்கள். பிறகு சிவகுரு குச்சிகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான், கமலேஷ் பாஸை மாட்டினான், மூவரும் சேர்ந்து காட்டெருமைப் பாட்டைத் தொடங்கினார்கள்.

கிட்டாரைக் காணோம்.

ஃபோனில் எடுத்த பதிவைப் போட்டுக் கேட்டார்கள். சென்ற ஆண்டு மைதானத்தில் கேட்டதேதான். டிரம்ஸ், பாஸ், உறுமல். நடுவே எங்கோ ஒரு சலசலப்பு. அது கிட்டாராகவும் இருக்கலாம், ஷெட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையாகவும் இருக்கலாம்.

"சத்தத்தக் கூட்டம்மிணி" என்றான் சிவகுரு. கூட்டினாள். அவன் காதுதான் வலித்தது. கரகரப்பை ஏற்றினாள், கூழ் ஆனது. பிக்கப்பை ஸ்குரூ திருகித் தந்திகளுக்கு நெருக்கமாக உயர்த்தினாள். காந்தம் தந்தியையே பிடித்து இழுக்க ஆரம்பித்து, சுருதி பிசகிப் போனது. பழையபடி இறக்கினாள்.

"ஏனுங்ணா, நீங்க கொஞ்சம் மெதுவா அடிச்சா என்னங்க?" என்றான் கமலேஷ்.

"நீ கொஞ்சம் மெதுவாக் கத்துனா என்னடா?"

"நா கத்துலீங்ணா, பாடறேன்."

"அத உங்க கடைக்கு வர்றவங்களக் கூட்டி வந்து சொல்லு."

சிரித்தார்கள். ஆனால் ரேகா கிட்டாரைப் பைக்குள் வைத்தபோது வழக்கமாகத் தந்திகளைத் துடைப்பதுபோலத் துடைக்கவில்லை. விழாவுக்கு இன்னும் ஒரு ஞாயிறுதான் இருந்தது. வீட்டில் எல்லப்பன், "என்னா புள்ள, முன்னாலயா, டீக்கடையாண்டயா?" என்று கேட்டார்.

"தெரியலப்பா."

"டீக்கடைன்னாலும் பரவால்ல. அங்க பஜ்ஜி நல்லாருக்கும்."

மறுநாள் காலை ஃபேக்டரியில் வழக்கம்போலக் கோப்பைகளை அடுக்கினாள். மணி அடித்ததும் தேயிலைச் சாயத்தை வடித்தாள். மெட்டில்டா ஒவ்வொன்றையும் உறிஞ்சிக்கொண்டு வந்தார். ஒரு கோப்பையில் சாயம் தகதகவென்று செம்பு நிறத்தில் இருந்தது. மணமும் நன்றாக இருந்தது. பக்கத்துக் கோப்பை கருத்து, முரட்டுத்தனமாக, நாக்கைப் பிடித்து இழுக்கும் துவர்ப்போடு இருந்தது. ரேகா வழக்கப்படி பால் ஜாடியை எடுத்து, ஒவ்வொரு கோப்பையிலும் ஒரே அளவு பால் ஊற்றினாள். தகதகத்த சாயம் வெளிறிச் சாம்பல் நிறமாகி, பால் மட்டும் மிஞ்சியது. முரட்டுச் சாயம் பாலுக்குள் முட்டி எழுந்து, பொன்னிறமாகப் பளிச்சென்று நின்றது. மெட்டில்டா அதை உறிஞ்சினார்.

"இதுதான். நம்ம தூளக் குடிக்கறவங்க யாரும் பாலில்லாமக் குடிக்கறதில்ல. அதத் தனியாக் குடிச்சுப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லி என்ன புண்ணியம்?" என்றார். அவர் அதைத் தினமும் சொல்பவர். ரேகாவும் தினமும் கேட்பவள்.

அன்று ரேகாவின் கையிலிருந்த ஜாடி அப்படியே நின்றது. எடையைச் சமப்படுத்தியவள், நேரத்தைச் சமப்படுத்தியவள், கோப்பையைக்கூடக் கவிழ்த்து வைத்தவள், தான் ஒவ்வொரு காலையிலும் செய்கிற கடைசி வேலையை மட்டும் விட்டுவிட்டாள். ஒரு வேலையை நன்றாகப் பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய பிழை அது. கை தானாகச் செய்வது மனதின் கணக்கில் வருவதில்லை. தத்துவம் படித்தவர்களும் இதற்கு விலக்கு அல்ல.

வராந்தாவுக்கு ஓடிச் சிவகுருவை ஃபோனில் பிடித்தாள். பின்னணியில் கேரட் உருளை ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணா, நாம பால் ஊத்தாமப் பாத்துட்டோம்!"

"என்ன ஊத்தாம?"

"நீங்கதாங்கண்ணா பாலு! நீங்களும் கமலேசும்! உங்க ரெண்டு பேரையும் ஊத்தாம நா கிட்டார மட்டும் ருசி பாத்துட்டேன்!"

உருளைச் சத்தம் நின்றது. "அம்மிணி, உனக்குக் காச்சல் கீச்சல் இல்லையே?" என்றான் சிவகுரு.

அடுத்த ஞாயிறு கோப்பைகளும் இல்லை, கேரட்டும் இல்லை. மூவரும் சேர்ந்து வாசித்தார்கள். ஃபோனை ஷெட்டின் மறுகோடியில் ஒரு மூட்டைமேல் வைத்துப் பதிவு செய்தார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் பிறகு ரேகா தந்தியைத் தளர்த்தி, பிக்கப்பைப் பிடுங்கி, அடுத்ததைச் சொருகி, மறுபடி சுருதி கூட்டினாள். அதுவரை கமலேஷ் கொண்டுவந்த வர்க்கியைச் சிவகுரு ஒவ்வொன்றாகக் காலி செய்தான்.

பதிவைக் கேட்டபோது எல்லாம் புரிந்தது. இரண்டாவது பிக்கப்பின் அந்தப் பாறைக் கனத்தைப் பாஸும் காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் விழுங்கிவிட்டன. கண்ணாடி மினுமினுப்பை டிரம்ஸின் சிம்பல் தட்டுகள் விழுங்கிவிட்டன. தனியாக இருந்தபோது எதெல்லாம் அழகாக இருந்ததோ, அதெல்லாம் வேறொருவருடைய இடமாக இருந்தது. முதல் பிக்கப் கேட்டது. ஆனால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே மாதிரி கேட்டது. மூன்றாவது ஓடியது. சளி பிடித்தது என்று சிவகுரு சொன்னது. டிரம்ஸுக்கும் பாஸுக்கும் உறுமலுக்கும் நடுவே யாரும் உட்காராத ஒரு நாற்காலி இருந்தது. அது நேராக வந்து அதில் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வெட்டும் தனித்தனியே விழுந்தது. நிறுத்திய இடத்தில் ஷெட்டின் கூரையிலிருந்து சொட்டிய நீர்த்துளிகூடப் பதிவில் கேட்டது.

சிவகுரு வர்க்கியைக் கீழே வைத்தான். "அம்மிணி, நா சொன்னதெல்லாம் வாபஸ். சளியெல்லாம் எனக்குத்தான்."

"என்னைய மாதிரியே உறுமுதுங்க்கா அது" என்றான் கமலேஷ், அதைவிடப் பெரிய பாராட்டு அவனுக்குத் தெரியாத பாவனையில்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ரேகா, "அப்பா, முன்னால குந்துங்க" என்றாள்.

விழா நாளில் மத்தியானத்திலேயே பனி இறங்கிவிட்டது. மைதானத்தின் மறுகோடி தெரியவில்லை. தூறலும் இருந்தது. பெங்களூரிலிருந்து வந்த குழு ஒன்று வாசித்து முடித்து இறங்கியது, நன்றாகவே வாசித்தார்கள். அடுத்து ஒன்பதாவது வளைவு. எல்லப்பன் முன்வரிசையில், குடையை விரித்து, பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதே என்ற கவலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். கமலேஷின் பேக்கரி முதலாளியும் வந்திருந்தார். பையன் என்னதான் செய்கிறான் என்று பார்க்க வந்தவர்.

கமலேஷ் மைக்கில், "எல்லாருக்கும் வணக்கமுங்க, மழையில நனையாம உக்காருங்க" என்று பணிவாகச் சொல்லிவிட்டு உறுமினான். முதலாளியின் கையிலிருந்த காபி சிந்தியது. காட்டெருமைப் பாட்டு தொடங்கியது. ரேகாவின் கிட்டார் பனிக்குள்ளிருந்து கொம்பும் தலையுமாக வெளியே வந்தது. தூரத்தில் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். தேயிலைச் சரிவில் வேலை முடித்து வந்த பெண்கள் சிலர் வேலிக்கு வெளியே நின்று, தலையில் போட்டிருந்த கம்பளியோடு தலையாட்டினார்கள். மூன்றாவது பாட்டில் குடைகள் மேலும் கீழுமாகக் குதிக்க ஆரம்பித்தன. அந்த அரை மணி நேரத்தில் மேடையில் நடந்தது பெரிய கலை என்று சொல்லத் துணிவு வேண்டும். பெரிய சந்தோஷம் என்று சொல்ல எதுவும் வேண்டாம்.

இறங்கியதும் ரேகா நேராக அப்பாவிடம் வந்தாள். முகமெல்லாம் தூறல். மூச்சு வாங்கியது.

"கேட்டுச்சாப்பா?"

எல்லப்பன் குடையை மடக்கினார். உதறினார். யோசித்தார். நாற்பது வருடம் மலைப்பாதையில் வண்டி ஓட்டிய காது அது.

"ரெண்டாவது பாட்டு. நடுவுல ஒரு எடத்துல கியரு சரியா விழல. இல்லையா புள்ள?"

இரண்டாவது பாட்டின் நடுவில் அவள் விரல் ஒரு கட்டை தள்ளித்தான் விழுந்தது. சிவகுருவுக்குத் தெரியவில்லை. கமலேஷுக்குத் தெரியவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கும் தெரிந்திருக்காது.

"ஆமாப்பா! விழல! தப்பாப் போட்டுட்டேன்!" என்று கத்தினாள். மைதானத்தில் அத்தனை பேர் நடுவிலும் அந்தக் குரல் கணீரென்று கேட்டது. தன் பிழையைச் சொல்லி இவ்வளவு ஆனந்தப்பட்டவளை அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எல்லப்பன் ஏதோ பெரிய தவறைச் சுட்டிவிட்டோமோ என்று பயந்து, "மத்தபடி நல்லாத்தான் ஏத்தத்துல இழுத்துச்சு" என்றார். ரேகா அவர் குடையைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாள். சிவகுருவும் கமலேஷும் வந்து சேர்ந்தார்கள். நால்வரும் டீக்கடைக்குப் போய் பஜ்ஜி தின்றார்கள். ரேகா டீயை உறிஞ்சிய சத்தத்தில் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த வாரம் ரேகா கோயம்புத்தூர் போனாள். வேண்டாத இரண்டு பிக்கப்புகளையும் காத்தமுத்துவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேட்டரி பிக்கப்பைக் கொடுத்தாள். இரண்டாவதை, தனியே கணீரென்று ஒலித்துக் கூட்டத்தில் காணாமல் போகும் அந்தத் தனியழகியை, மேஜைமேல் வைத்து, பிறகு கையில் எடுத்து, இதையும் வைத்துக்கொள்கிறேன் என்று அதற்கும் விலையைக் கொடுத்தாள். "ஒரு கிட்டாருல ரெண்டு எடம் உண்டுங்களே, கழுத்துப் பக்கம் இதப் போடப் போறீங்களா?" என்று காத்தமுத்து கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அப்படித்தான் செய்தாள். தந்திகளின் கழுத்துப் பக்கத்தில் இருந்த பழைய பிக்கப்பைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இதை நான்கு ஸ்குரூ வைத்துப் பொருத்தினாள். இப்போது கிட்டாரைப் பார்ப்பவர்களுக்கு இரண்டும் வேலை செய்வதாகவே தோன்றும். ஆனால் பிக்கப்பை மாற்றும் பொத்தானை அந்தப் பக்கம் தள்ளினால் ஒரு சத்தமும் வராது.

சிவகுருவுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது: பாட்டில் சட்டென்று நிறுத்த வேண்டிய இடத்தில் பொத்தானைத் தள்ளினால் முழு நிசப்தம் கிடைக்கும், அதற்காகத்தான். கமலேஷுக்கு வேறு விளக்கம்: தோற்ற வேட்பாளருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும், அதுதான் மரியாதை. இருவரும் இதைப் பற்றிக் கேரட் ஷெட்டில் இன்னும் சண்டை போடுகிறார்கள். ரேகா இரண்டையும் கேட்டுக்கொண்டு, ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல், சுருதி கூட்டிக்கொண்டிருப்பாள்.

எல்லப்பன் மட்டும் ஒரு நாள், கிட்டாரின் பின்பக்கத் தகட்டைத் திறந்து வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தார். "இதுக்கு ஒயரு மாட்டலியே புள்ள" என்றார்.

"தெரியும்ப்பா" என்றாள். ஒயரின் நுனியைச் சுருட்டி, கறுப்பு டேப் ஒட்டி, குழிக்குள் பத்திரமாக வைத்து, தகட்டை மூடி ஸ்குரூவைத் திருகினாள்.